கதவுக்கு உள்ளே இருப்பவர்கள்

(டெக்சஸில் தமிழர்கள் கூடிய ஓர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சனிக்கிழமை மாலையில் துப்பாக்கியைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த அரங்கில் பட்டிமன்றத்துக்குத்தான் நாற்காலி போதாமல் போகும். ஆனால் இது பட்டிமன்றம் இல்லை. துப்பாக்கி வைத்திருக்கலாமா கூடாதா என்று இரண்டு அணி பிரித்து நான் பேசப்போவதில்லை. அமெரிக்கா தலைமுறை தலைமுறையாக வாதாடிக்கொண்டிருக்கும் வழக்கு அது. நம் சிற்றுண்டி நேரத்துக்குள் முடியாது. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டவர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். அரை மனதில் இருப்பவர்கள் சிலர். வீட்டுக்காரரோ வீட்டுக்காரம்மாவோ ஏற்கெனவே வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டதால் வேறு வழியில்லாமல் வந்தவர்களும் உண்டு. முன்வரிசை முகங்களைப் பார்த்தால் இந்த மூன்றாவது வகைதான் அதிகம் என்று தோன்றுகிறது.

நான் வார இறுதிகளில் ஒரு சுடுதளத்தில் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறவன். என் வீட்டிலும் துப்பாக்கி இருக்கிறது. ஆகவே இனி நான் சொல்லப்போகும் கசப்பான செய்திகளை, துப்பாக்கியே பிடிக்காத ஒருவர் சொல்கிறார் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

2020ஐ நினைத்துப் பாருங்கள். கடைகளில் கழிவறைக் காகிதத்துக்கு வரிசை நின்ற அதே மார்ச் மாதத்தில் துப்பாக்கிக் கடைகளிலும் வரிசை நின்றது. அந்த ஆண்டு எஃப்.பி.ஐ.யின் பின்புலச் சோதனை அமைப்பு ஏறத்தாழ 3 கோடியே 97 லட்சம் சோதனைகளைச் செய்தது. ஒவ்வொரு சோதனையும் ஒரு விற்பனை ஆகிவிடாது. உரிமம் புதுப்பிக்கிறவர்களுக்கும் சோதனை உண்டு. அந்த எண்ணிக்கையைவிட என்னை யோசிக்க வைத்தது ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட கணக்கு. 2019 ஜனவரி முதல் 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் வாழ்க்கையிலேயே முதன்முறையாகத் துப்பாக்கி உடைமையாளர் ஆனார்கள் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். 54 லட்சம் பேர் அதுவரை துப்பாக்கியே இல்லாத வீட்டில் வாழ்ந்தவர்கள். அந்த வீடுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள்.

ஆசிய முகம் கொண்டவர்கள் தெருவில் தாக்கப்பட்ட காலம் அது. பெட்ரோல் பங்க்கும் மதுக்கடையும் நடத்தும் நம்மவர்கள் இரவில் கடையடைக்கப் பயந்த காலம். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பயத்தோடு கடைக்குப் போகிறவர் மனத்தில் இருப்பது கதவுக்கு வெளியே நிற்கும் முகம் தெரியாத ஒருவன். அவன் வரலாம், வராமலே போகலாம். வாங்கிய துப்பாக்கியோடு ஒவ்வொரு நாளும் வாழப்போகிறவர்கள் கதவுக்கு உள்ளே இருக்கிறார்கள்: மனைவி, மகன், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்த அம்மா, வார இறுதியில் விளையாட வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, அப்புறம் நீங்கள். எதை வாங்குவது, எங்கே வைப்பது, யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் இவர்களை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கான விளக்கம்.

முதலில் சட்டம். நம் கூட்டத்துக்கென்றே உள்ள ஒரு சிக்கலிலிருந்து தொடங்குகிறேன். எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அவை உங்களுக்குப் பொருந்துமா என்பதை ஒரு வழக்கறிஞர் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப் குழுவில் ஓர் அண்ணன் சொன்னது போதாது. பச்சை அட்டை வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. 'வைத்திருப்பது' என்றால் விலை கொடுத்து வாங்குவது மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கையில் எடுத்துப் பிடிப்பதும் அதில் சேரும். எனவே விசாவில் இருக்கும் நண்பரை, "சும்மா வாங்க, ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்க" என்று சுடுதளத்துக்கு அழைத்துப் போகும் பாசம் அவருடைய குடியேற்ற விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடக்கூடும்.

உரிமம் பெற்ற கடையில் வாங்கும்போது 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். 'இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குகிறவர் நீங்கள்தானா' என்று அதில் ஒரு கேள்வி வரும். நம் பழக்கத்தில் ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு வாங்கித் தருவது பெரிய குற்றமாகப் படாது. சிம் கார்டிலிருந்து வீட்டுமனை வரை அப்படி வாங்கியிருக்கிறோம். இங்கே வேண்டாம். வர்ஜீனியாவில் முன்பு காவலராக இருந்த புரூஸ் அப்ராம்ஸ்கி, காவலர்களுக்கான தள்ளுபடியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவுக்காக ஒரு கிளாக் கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலருக்குக் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வைத்திருக்க முழுத் தகுதி இருந்தது. முறைப்படி உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் அது மாமா கைக்குப் போனது. ஆனாலும் படிவத்தில் 'நான்தான் வாங்குகிறேன்' என்று எழுதியது பொய், பொய் எழுதியது குற்றம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி உண்மையாகவே பரிசளிப்பது வேறு விஷயம். காசு மச்சானுடையது, கையெழுத்து என்னுடையது என்ற ஏற்பாடு ஆபத்தானது. கஞ்சாவைப் பற்றியும் ஒரு கேள்வி வரும். மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் ஏற்பதில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். கலிஃபோர்னியாவில் எழுத்துத் தேர்வு உண்டு, பத்து நாள் காத்திருக்க வேண்டும். நியூஜெர்சியில் காவல்துறையிடமிருந்து அடையாள அட்டையும் அனுமதியும் பெற வேண்டும். நம் டெக்சஸில் கடையில் சோதனை தேறினால் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிரம்பிய, தடை எதுவும் இல்லாத எவரும் உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை உடன் கொண்டுசெல்லலாம். முன்பு உரிமம் வாங்க வேண்டும் என்பதற்காகவாவது ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். இப்போது அந்தக் கட்டாயமும் போயிற்று. சட்டம் கேட்காததை நீங்களே உங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை. துப்பாக்கிக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்களோ, பயிற்சிக்கும் பெட்டகத்துக்கும் சேர்த்து அதே அளவு ஒதுக்குங்கள். கட்டுபடியாகவில்லை என்றால் கொஞ்ச நாள் பொறுத்து வாங்குங்கள்.

எந்தத் துப்பாக்கி என்பதில் நான் நேரம் செலவழிக்கப்போவதில்லை. யூடியூப் அதற்கென்றே இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெண்கள் கடைக்குப் போனால் விற்பனையாளர் பெரும்பாலும் உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னஞ்சிறு கைத்துப்பாக்கியைத்தான் எடுத்துக் காட்டுவார். இளஞ்சிவப்பில் இருந்தால் அவருக்கு இன்னும் மகிழ்ச்சி. துப்பாக்கி சிறிதாகவும் எடை குறைவாகவும் இருந்தால் சுடும்போது பின்னுதைப்பு கூடும், பிடி நிற்காது, குறி தவறும். புதியவருக்கு அதுதான் மிகக் கடினமான கருவி. சுடுதளங்களில் வாடகைக்குத் தருகிறார்கள். நான்கைந்து வகையைச் சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

சுடுதளத்துக்கு முதல்முறை வருகிறவரை நான் எப்போதும் .22 ரகத்தில்தான் தொடங்க வைப்பேன். சத்தம் குறைவு, உதைப்பு அநேகமாக இல்லை. முதல் முறை ஒரே ஒரு தோட்டா. அது வெடித்ததும் அதிர்ச்சியில் சிலர் சிரித்தபடியே துப்பாக்கியோடு என் பக்கம் திரும்புவார்கள். உள்ளே இரண்டாவது தோட்டா இல்லாததால்தான் நான் இன்று உங்கள் முன் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன். கழுத்து இறங்கிய சட்டை வேண்டாம். சுட்டதும் வெளியே தெறிக்கும் வெற்றுத் தோட்டாக் கூடு கொதிக்கும் சூட்டில் இருக்கும். அது கழுத்துக்குள் விழுந்தால் துள்ளிக் குதிப்பீர்கள், அப்போது துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்கும் என்று சொல்ல முடியாது. உள்ளரங்கம் என்றால் காதுக்குள் பஞ்சடைப்பானும் வேண்டும், மேலே காதுறையும் வேண்டும். துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். கெட்ட காது திரும்பாது. முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தோட்டாவிலிருந்து வரும் ஈயத்தூள் கையிலும் துணியிலும் ஒட்டியிருக்கும். சட்டையை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

துப்பாக்கிப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் நான்கு விதிகள் இருக்கின்றன. கடற்படைக் காலாட்படை அதிகாரியாக இருந்து, 1976இல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கிய ஜெஃப் கூப்பர் அவற்றை இன்றைய வடிவத்தில் பரப்பினார். எந்தத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரப்பியதுதான். எதை அழிக்க உங்களுக்குச் சம்மதம் இல்லையோ அதை நோக்கிக் குழல் வாய் திரும்பக் கூடாது. குறி இலக்கில் நிலைக்கும் வரை விரல் விசையைத் தொடக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. ஒன்றை மீறினால் பெரும்பாலும் சுவரில் ஓட்டையோடு போகும். ஆள் அடிபட வேண்டுமென்றால் அநேகமாக இரண்டை ஒரே நேரத்தில் மீறியிருக்க வேண்டும். இந்த நான்கின் அழகே அதுதான். ஒன்று கைவிட்டாலும் இன்னொன்று காக்கும்.

முதல் விதியைக் கேட்டதும் புதியவர்கள் சிரிப்பார்கள். "காலியாத்தான் இருக்கு சார், நானே பார்த்தேனே" என்பார்கள். பிடிக்குள் இருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டதால் காலி என்று நினைத்துக்கொள்வது உலகம் முழுவதும் நடக்கும் பிழை. மேகசின் வெளியே வந்துவிட்டாலும் குழலின் அடியில் உள்ள அறையில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். அந்த ஒன்று போதும். எனவே வரிசை முக்கியம்: முதலில் மேகசினை எடுக்க வேண்டும், பிறகு மேலே உள்ள ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து அறையில் இருப்பதை வெளியேற்ற வேண்டும், பிறகு ஸ்லைடைத் திறந்தே நிறுத்தி அறையைக் கண்ணால் பார்த்து, விரல்நுனியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றி, மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால் பழைய தோட்டா வெளியே போகும், புதியது அறைக்குள் ஏறும். பிறகு மேகசினை எடுத்துவிட்டுக் காலி என்று நம்புவீர்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது திறந்தபடியே கொடுங்கள். வாங்குகிறவர் மறுபடி பார்க்கட்டும். என்னை நம்பவில்லையா என்று யாரும் கோபித்துக்கொள்ளாத ஒரே இடம் இதுதான்.

நான்காவது விதியை நம்மவர்கள் தனியாகப் படிக்க வேண்டும். நாம் செங்கல் சுவர்களுக்குள் வளர்ந்தவர்கள். சுவர் என்றால் தடுக்கும் என்பது நம் உடம்பில் ஊறிய எண்ணம். இங்கே உள்சுவர் என்பது மரச் சட்டத்தின் இருபுறமும் அடித்த ஜிப்சம் பலகை, அவ்வளவுதான். 9 மில்லிமீட்டர் தோட்டா அப்படிப் பல சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். படுக்கையறை வாசலில் நின்று கூடத்தை நோக்கிச் சுட்டால் கூடத்துக்கு அப்பால் யார் தூங்குகிறார்கள்? இன்றிரவு வீட்டுக்குப் போய் ஒவ்வோர் அறையிலும் நின்று, எந்தத் திசையில் சுட்டால் தோட்டா எந்தப் படுக்கையில் போய் நிற்கும் என்று நடந்து பாருங்கள். துப்பாக்கியை எடுக்காமல், வெறுங்கையோடு. அதைச் செய்து பார்த்தபின் சிலர் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

இருட்டும் அப்படித்தான். நள்ளிரவில் சமையலறையில் சத்தம் கேட்கிறது. திருடனா? கல்லூரியிலிருந்து சொல்லாமல் வந்த மகளா? யார் என்று தெரியாமல் சுட்டுவிட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தவர்களின் செய்திகள் இந்த நாட்டில் மீண்டும் மீண்டும் வருகின்றன. கையில் ஒரு டார்ச், வாயில் ஒரு குரல், பக்கத்தில் கைபேசி. இந்த மூன்றும் துப்பாக்கிக்கு முன்னால் வர வேண்டும்.

இனி வைக்கும் இடம். இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். "எங்க பையனுக்கு அது எங்க இருக்குன்னே தெரியாது" என்று என்னிடம் சொல்லாத பெற்றோர் இல்லை. அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டு ஓர் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள். துப்பாக்கி உள்ள வீடுகளில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 73 விழுக்காட்டினர் அது இருக்கும் இடம் தங்களுக்குத் தெரியும் என்றார்கள். 36 விழுக்காட்டினர் கையில் எடுத்தும் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தெரியாது என்று உறுதியாகச் சொன்ன பெற்றோரில் பத்தில் நான்கு பேரின் கூற்றைப் பிள்ளைகளே மறுத்தார்கள். நமக்கு இது புதிதா? அம்மா பீரோ சாவியை எந்தப் புடவை மடிப்பில் வைத்திருந்தாள் என்று நம்மில் யாருக்குத் தெரியாது? ஒளித்து வைப்பது வேறு, பூட்டி வைப்பது வேறு. உயரமான அலமாரி, மெத்தைக்கு அடி, காலணிப் பெட்டி எல்லாமே ஒளித்து வைப்பதுதான்.

ஒரு முறை ஆயுத பூஜைக்குப் படம் ஒன்று எனக்கு வந்தது. தாம்பாளத்தில் மடிக்கணினி, கார் சாவி, கத்தரிக்கோல், நடுவில் சந்தனப் பொட்டு வைத்த புதுக் கைத்துப்பாக்கி, சுற்றிலும் பட்டுப்பாவாடையில் குழந்தைகள். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் குழந்தைகள் அத்தனை பேருக்கும் அன்றைக்கே அது எந்த வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

மிச்சிகனில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2021 நவம்பர் 26, நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள். ஒரு தந்தை தன் 15 வயது மகனையும் கூட்டிக்கொண்டு போய் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி ஒன்று வாங்கினார். நான்கு நாள் கழித்து, 30ஆம் தேதி, அந்த மகன் அதே துப்பாக்கியோடு ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் தாய் ஜெனிஃபர் கிரம்ப்ளிக்கும் தந்தை ஜேம்ஸ் கிரம்ப்ளிக்கும் தனித்தனி நடுவர் குழுக்கள் குற்றவாளி என்று தீர்ப்பளித்தன. ஆளுக்கு 10 முதல் 15 ஆண்டு சிறை. பிள்ளை பள்ளியில் நடத்திய கூட்டக் கொலைக்காகப் பெற்றோரே மரணம் விளைவித்த குற்றத்தில் தண்டிக்கப்பட்டது இந்த நாட்டில் அதுவே முதல்முறை. துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டதும், மகனின் மனநிலை கண்முன்னே சிதைந்ததைக் கவனியாமல் விட்டதும் வழக்கின் மையமாக இருந்தன. டெக்சஸிலும் 17 வயதுக்குட்பட்டவர் கைக்கு எட்டும்படி, தோட்டாவோடு, பாதுகாப்பின்றி விட்டால் குற்றம். 1995இலிருந்து சட்டம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பூட்டு விலையுயர்ந்த சமாச்சாரம் இல்லை. துப்பாக்கித் தொழில்துறையின் கூட்டமைப்பே 1999 முதல் காவல் நிலையங்கள் வழியாகக் கம்பிவடப் பூட்டுகளை இலவசமாகக் கொடுத்துவருகிறது. ஆனால் அதை நம்பிக் காலம் தள்ள வேண்டாம். நல்ல வெட்டுக்கருவி இருந்தால் அறுத்துவிடலாம், துப்பாக்கியையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டகம் வேண்டும். அவசரத்தில் திறக்க முடியாதே என்பவர்களுக்குச் சில வினாடிகளில் திறக்கும் சிறு பெட்டகங்கள் இருக்கின்றன. அவற்றில் பொத்தான் வரிசையை அழுத்தித் திறப்பதையே நான் சொல்வேன். மலிவான கைரேகைப் பெட்டகங்களில் ஆபத்து உண்டு. 2023இல் சுமார் 61,000 பெட்டகங்களை நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெறச் செய்தது. ரேகை பதிவாகிவிட்டதென்று உரிமையாளர் நம்பியிருக்க, யார் விரல் வைத்தாலும் அவை திறந்தன. எதை வாங்கினாலும் உங்கள் பிள்ளையின் விரலையும் வைத்துப் பாருங்கள். மகனின் பிறந்த தேதியைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். நீங்கள் சிரிக்கிறீர்கள், எத்தனை பேர் வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வண்டி பெட்டகம் ஆகாது. காரின் முன்னறையில் வைத்துவிட்டு எச்.இ.பி. கடைக்குள் காய்கறி வாங்கப் போவதுதான் திருடனுக்கு ஒருவர் செய்யக்கூடிய பெரிய உதவி. பையும் ஆகாது. 2023இல் மட்டும் விமான நிலையச் சோதனை வாயில்களில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 விழுக்காட்டில் தோட்டா நிரப்பியிருந்தது. நம் டாலஸ் விமான நிலையம் அந்தப் பட்டியலில் எப்போதும் முன்வரிசை. பிடிபடுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "பையில் இருந்ததை மறந்துவிட்டேன்" என்பது. அது பொய் இல்லை, நிஜமாகவே மறந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். பயமாக இருப்பதும் அதனால்தான்.

அடுத்தது, துப்பாக்கி வகுப்புகளில் பலர் அவசரமாகத் தாண்டிவிடும் பகுதி. நம் சமூகத்தில் அதைத் தொடவே மாட்டோம். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தார்கள். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையைவிட அது அதிகம். எந்த ஆண்டை எடுத்தாலும் ஏறத்தாழ அப்படித்தான். கலிஃபோர்னியாவில் 2 கோடியே 60 லட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்ட வீதம், வைத்திராத ஆண்களைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு. பெண்களில் 35 மடங்கு. மனம் சோர்ந்தவர்கள்தான் வாங்கியிருப்பார்கள் என்று வாதிடலாம். ஆனால் வேறு வழிகளில் தற்கொலை செய்துகொண்ட வீதம் அவர்களிடம் கூடுதலாக இல்லை. ஆபத்து மிகுதியாக இருந்தது முதல் துப்பாக்கி வாங்கிய உடனடிக் காலத்தில். ஆனாலும் அந்தத் தற்கொலைகளில் பாதிக்கும் சற்று மேலானவை ஓராண்டு கழிந்த பிறகு நடந்தவை. அதாவது துப்பாக்கி அப்போது வீட்டில் பழைய பொருளாகியிருந்தது. கஷ்டம்தான் புதிதாக வந்தது.

இதைக் கடைக்காரர்களே கையிலெடுத்த கதை ஒன்று உண்டு. 2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரங்களில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் ரால்ஃப் டெமிக்கோ, இந்தச் செய்தி தெரிந்ததும் சட்டப்படி தான் செய்ததெல்லாம் சரி என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை. பொதுச் சுகாதாரத் துறையினரும் துப்பாக்கிக் கடைக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். இந்த நாட்டில் இவ்விரு தரப்பும் ஒன்றாக உட்காருவதே அபூர்வம். வாடிக்கையாளர் நெருக்கடியில் இருப்பதை எப்படி அடையாளம் காண்பது, விற்க மறுப்பது எப்படி என்று கடைக்காரர்களுக்குக் குறிப்புகள் தயாரித்தார்கள். கடைச் சுவரில் ஒட்டச் சுவரொட்டிகள் அச்சிட்டார்கள். பின்னர் போய்ப் பார்த்தபோது மாநிலத்தின் கடைகளில் ஏறக்குறையப் பாதியில் அவை ஒட்டப்பட்டிருந்தன. பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. துப்பாக்கிப் பாதுகாப்புக்குப் பத்துக் கட்டளைகள் என்று அச்சடித்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் பதினோராவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: வீட்டில் ஒருவர் மனமுடைந்திருந்தால், அவர் தேறும் வரை துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே வைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அதைத் தமிழில் எப்படிச் செய்வது என்று யோசித்திருக்கிறேன். நேரே "உனக்குத் தற்கொலை எண்ணம் உண்டா" என்று நாம் கேட்கமாட்டோம். கேட்டாலும் பதில் வராது. வேலை போயிருக்கிறது, மணவிலக்கு நடக்கிறது, பையனுக்கு நினைத்த கல்லூரி கிடைக்கவில்லை. அந்த வீட்டுக்குப் போய், "அண்ணா, கொஞ்ச நாளைக்கு அந்தப் பெட்டகச் சாவி என்கிட்ட இருக்கட்டுமே" என்று சொல்ல முடியும். காரணம் கேட்டால், "காரணம் ஒண்ணும் இல்லை, எனக்கு மனசு கேட்கலை" என்று சொன்னால் போதும். அப்படி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம் என்று நண்பர்கள் இருவர், துப்பாக்கி வாங்கும் அன்றைக்கே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சில துப்பாக்கிக் கடைகளும் சுடுதளங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும். மனநெருக்கடியில் உதவிக்கு 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். 2022 ஜூலை முதல் நாடு முழுக்க அந்த எண்தான்.

அனுபவமுள்ளவர்கள் சிலர் பின்வரிசையில் கைகட்டி நிற்கிறீர்கள். உங்களிடம் ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவரை முதல் ஐந்து நிமிடத்திலேயே எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்று துருவாதீர்கள். கேள்வி கேட்டவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஒரு முறை அவமானப்பட்டவர் சுடுதளத்துக்குத் திரும்ப மாட்டார். ஆனால் வாங்கிய துப்பாக்கி அவர் வீட்டிலேயேதான் இருக்கும், அதை இயக்கத் தெரியாத ஒருவரோடு. 2015இல் ஃபிலிப் ஸ்மித் கறுப்பினத் துப்பாக்கி உடைமையாளர்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் தொடங்கினார். பழைய சங்கங்களின் வாசலில் தங்களை அந்நியராக உணர்ந்தவர்கள் அதில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நமக்குத் தனிச் சங்கம் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கும் சங்கங்களே உடைந்துகொண்டிருக்கின்றன. மாதம் ஒரு முறை தமிழில் வகுப்பு நடத்த நான்கு பேர் கிடைத்தால் போதும். வாங்காதவர்களும் வரட்டும். பிள்ளையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும்முன், "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கா, பூட்டி வச்சிருக்கீங்களா" என்று கேட்க எல்லாப் பெற்றோருக்கும் தைரியம் வர வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கிறோம் அல்லவா?

கேள்விகளுக்கு முன் ஓர் அறிவிப்பு. வாசலுக்கு வலப்பக்கம் உள்ள மேசையில் கம்பிவடப் பூட்டுகள் வைத்திருக்கிறோம். இலவசம், பெயர் எழுத வேண்டியதில்லை. துப்பாக்கி யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள். தோட்டா ஏற்ற முடியாத நீல நிறப் பயிற்சிப் பொம்மை ஒன்றும் அங்கே இருக்கிறது. பூட்டை எப்படி மாட்டுவது என்று அதில் காட்டுவார்கள். கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு முறை மாட்டிப் பாருங்கள். சிறுவர்கள் அந்த மேசைப் பக்கம் வர வேண்டாம், காபி இந்தப் பக்கம். அம்மா, நீங்கள் முதலிலேயே கை தூக்கினீர்கள், கேளுங்கள்.